இடக்கரை அடக்காத சொல்

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, சாதி மாறி மணம் செய்துகொண்ட இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவியும் வெட்டுப்பட்டார், பிழைத்தார். அந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட கொலைகளைச் சொல்லத் தமிழில் இரண்டு சொற்கள் பக்கம் பக்கமாகப் புழங்கின. ஒன்று ‘கௌரவக் கொலை’. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்தது. மற்றது ‘ஆணவக் கொலை’. இன்று மேடையிலும் ஏட்டிலும் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் இரண்டாவதுதான் கேட்கிறது. சட்டத்துக்கு இரண்டும் கொலைதான். ஆனால் முதல் சொல் வெட்டியவன் வாயிலிருந்து வருவது. அவன் தன் செயலுக்குச் சொல்லிக்கொள்ளும் காரணத்தை அப்படியே வாங்கி, செய்தியின் தலைப்பில் வைத்துவிடுகிறது. இரண்டாவது சொல்லோ அந்தக் காரணத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவன் நெஞ்சில் இருந்தது என்ன என்று பெயர் சொல்கிறது.

வேண்டுமென்றே ஒரு கடுமையான சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது; பண்பான சொல் தள்ளப்பட்டது. இது நடந்தது நல்லதே என்று நினைக்கிறேன். ஏன் நல்லது, எப்போதெல்லாம் நல்லதல்ல என்பதே இங்கே பார்க்கப்போவது.

மென்மையாக்கிச் சொல்வதற்கு நம் இலக்கணத்தில் பெயர்கள் உண்டு. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது. அவற்றில் இடக்கரடக்கல், கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் குறிப்பது. மலம் கழித்ததைக் கால் கழுவியதாகச் சொல்வது பள்ளிக்கூடத்து எடுத்துக்காட்டு. மங்கலம், அமங்கலமானதை மங்கலமாக மாற்றுவது. செத்தவர் துஞ்சியவர் ஆவார், சுடுகாடு நன்காடு ஆகும். அதற்கும் முன்னால் தொல்காப்பியர் அவையில் சொல்லத்தகாத சொல்லை ‘அவையல் கிளவி’ என்கிறார். அதை மறைத்துச் சொல்லச் சொல்பவர், நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்கும் தருகிறார். உரையாசிரியர்கள் அந்த விலக்குக்குக் காட்டுபவை ஆப்பியும் யாட்டுப் பிழுக்கையும் யானை இலண்டமும். மாட்டுச் சாணத்தை மறைக்க வேண்டாம், மனிதனுடையதை மறைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

கடுமையாக்கிச் சொல்லும் எதிர்த்திசைக்கு மட்டும் தனிப்பெயர் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் அங்கதம் வருகிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள், மறைத்து வைவது பழிகரப்பு. ஆனால் அது பாட்டின் வகை. மொழியியலாளர்கள் கீத் ஆலனும் கேட் பரிட்ஜும் 1991இல் இந்த இரண்டு திசைகளைப் பற்றியும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார்கள்; மொழி கேடயமாகவும் ஆயுதமாகவும் ஆவது அதன் பொருள். இங்கே நான் வள்ளுவரின் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: வன்சொல்.

வள்ளுவரிடமிருந்து அந்தச் சொல்லை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் அவர். கனி இருக்கக் காயைத் தேடலாமா என்று கேட்டவர். அவரே பயனற்ற பேச்சைப் பாராட்டித் திரிபவனை மனிதன் என்று சொல்லாதே, மனிதரில் பதர் என்று சொல் என்கிறார். ‘மனிதன்’ என்ற ஏற்ற சொல்லை நீக்கி, ‘பதர்’ என்ற வன்சொல்லை அந்த இடத்தில் வைக்கும்படி வாசகனுக்குக் கட்டளையே இடுகிறார். நிலை தாழ்ந்தவரைத் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பிடுகிறார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். இன்சொல்லின் ஆசான் படைத்தவனையே ஏசிய இடம் அது. பசித்தவனுக்காக ஏசினார். யாருக்காக, யாரை நோக்கி என்பதில்தான் வன்சொல்லின் நியாயம் கிடக்கிறது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தேவையில்லை.

வீட்டுப் பேச்சுக்கு வருவோம். தமிழில் வன்சொல் பேச வசவுச் சொல் வேண்டியதே இல்லை. வினையின் வாலைத் திருகினால் போதும். ‘வா’ என்பதை ‘வந்து தொலை’ என்று சொல்லிப் பாருங்கள். வரவேற்பு சலிப்பாகிவிடுகிறது. சொல்லித் தொலை, போய் ஒழி, கொட்டி அழு, படித்துக் கிழித்தாய்: முதல் வினை மாறாமல் நிற்க, பின்னால் ஒட்டும் துணைவினை பேசுகிறவரின் எரிச்சலை எல்லாம் சுமக்கிறது. இ. அண்ணாமலை, ஹெரால்ட் ஷிஃப்மன் போன்ற மொழியியலாளர்கள் இந்தத் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ‘தொலை’யின் அழகு, அது செயலைப் பழிக்காமல் செயல் வந்த நேரத்தைப் பழிக்கும் என்பது. ‘மழை பெய்து தொலைத்தது’ என்று நெல்லைக் காயப்போட்டவர் சொல்வார். மழையின் மீது அவருக்குப் பகை கிடையாது. தன்னையே ஏசிக்கொள்ளவும் அது உதவும்: ‘என்ன செய்ய, வாங்கித் தொலைச்சேன்.’ சாப்பிடு என்பது தின்னு ஆகி, கொட்டிக்கோ ஆகி, முழுங்கு ஆகும்போது ஒரே சோற்றுத் தட்டைச் சுற்றி ஒரு வீட்டின் மனநிலை முழுவதும் தெரிந்துவிடும்.

சாவுக்கும் அப்படித்தான். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், தவறிவிட்டார் என்று ஒரு பக்கம் அடுக்கினால், மறுபக்கம் மண்டையைப் போட்டான், வாயைப் பிளந்தான், புட்டுக்கிட்டான், சங்கு ஊதியாச்சு என்று அதே நீளத்துக்கு ஒரு வரிசை நிற்கிறது. இந்த இரண்டாம் வரிசை எல்லாமே வெறுப்பில் பிறந்தது என்று சொல்ல முடியாது. சாவு வீட்டுத் திண்ணையில் கிழவர்கள் தங்கள் வயதுக்காரனைப் பற்றிப் பேசும்போது இவை வரும். அடுத்த முறை தனக்காக ஊதப்போகும் சங்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதன் பயத்தைக் குறைத்துக்கொள்ளும் பேச்சு அது.

அன்பிலும் வன்சொல் உண்டு. கழுதை, எருமை, திருட்டுப்பயல், போக்கிரி என்று பிள்ளையைக் கொஞ்சாத தாய் தமிழ்நாட்டில் அரிது. அதைவிட ஆழமான ஒரு வழக்கமும் இருந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் பிழைத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். பிறத்தியாருக்குத் தவிட்டுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கியதாகச் சடங்கு செய்து தவிட்டான் என்றார்கள். பிச்சையாகக் கிடைத்தது என்று பிச்சை, பிச்சையம்மாள் என்றார்கள். மண்ணாங்கட்டி என்றும் வைத்தார்கள். ராஜா என்று கூப்பிட்டால் எமன் காதில் விழும். குப்பை என்றால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். இடக்கரடக்கல் கேட்பவர் மனம் நோகாதிருக்கச் செய்யப்படுவது. இந்தப் பெயர்களோ ஓர் உயிர் போகாதிருக்கச் செய்யப்பட்டவை. குழந்தைச் சாவுகள் மலிந்திருந்த காலத்தில், கையில் மருந்து எதுவும் இல்லாத ஒரு தாய்க்குக் கடுஞ்சொல் ஒன்றுதான் மருந்தாக இருந்தது. இன்று இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அந்தத் தாயின் பயத்தை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

(இதே பெயர்களைச் சாதி பார்த்துத் திணித்த ஊர்களும் இருந்தன என்பது வேறு கதை. நல்ல பெயர் வைத்தால் மேல்வீட்டுக்காரர் சினப்பார் என்பதற்காகவே குப்பன் ஆனவர்களும் உண்டு. ஒரே பெயருக்குள் தாயின் பயமும் ஆண்டையின் ஆணையும் இருந்திருக்கின்றன.)

கடவுளிடம் வன்சொல் பேசுவதில் தமிழுக்கு இணை குறைவு. பெரியபுராணம் சொல்லும் சுந்தரர் கதையைப் பாருங்கள். புத்தூரில் மணப்பந்தலுக்குள் ஒரு கிழ வேதியர் ஓலையோடு வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு வழிவழி அடிமை என்கிறார். சினந்த சுந்தரர் ‘பித்தன்’ என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போய், வேதியர் வென்று, கோயிலுக்குள் மறைந்து, சிவன் என்று தெரிந்து, என்ன பாடுவேன் என்று சுந்தரர் தவிக்கிறார். முன்பு என்னை ஏசினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்கிறார் இறைவர். வன்மையாக வாதாடியதற்காக ‘வன்றொண்டன்’ என்ற பெயரையும் கொடுக்கிறார். அர்ச்சனை பாட்டுத்தான் என்று அவர் சொல்லும் இடமும் அதுவே. வசவைப் பூவாக வாங்கிக்கொண்ட கடவுள். பிற்காலத்தில் கண் பார்வை போனபோது அதே சுந்தரர், நீர் மட்டும் நன்றாக இருந்துகொள்ளும் என்று இறைவனிடம் கசந்து பாடுகிறார். தாழ்ந்து கும்பிடும் பக்தியில் இவ்வளவு நெருக்கம் கிடைக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மரியாதை தூரத்தை வைத்துக்கொண்டுதான் நிற்கும்.

அந்த மரபு மங்காமல் தொடர்ந்தது. வசைக்கென்றே பெயர் பெற்ற காளமேகம் கடவுளரைக் குடும்பத்தோடு இழுத்து ஏசிப் பாடினார். முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போடும் சண்டையில் ஒருத்தி மற்றவளுடைய தெய்வத்தையே வம்புக்கு இழுக்கிறாள்; சைவமும் வைணவமும் வயலில் இரண்டு சக்களத்திகளின் வாயில் மோதி, பிறகு சமாதானமாகின்றன. வள்ளியும் தெய்வயானையும் ஒருவர் பிறந்த வீட்டை ஒருவர் தூற்றும் ஏசல் பாட்டுகள் உண்டு. கல்யாண வீட்டில் சம்பந்தி ஏசல் உண்டு. கேரளத்துக் கொடுங்கல்லூரில் பகவதியை நோக்கிப் பாடும் பரணிப் பாட்டுகளில் அவையல் கிளவியே அர்ச்சனை. இவை எல்லாவற்றிலும் ஒரு வேலி இருக்கிறது. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் இன்னாரை ஏசலாம், ஏச்சு வாங்கியவர் சினக்கக் கூடாது. வேலிக்குள் இருக்கும் வரை அது விளையாட்டு.

வேலியில்லாத வன்சொல் இனி. நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் புழங்கியதும் புழங்குவதும் இதுதான்.

இதற்கும் பல நேரம் கெட்ட வார்த்தை தேவைப்படுவதில்லை. ‘வந்தார்’ என்பதில் ஓர் எழுத்தை மாற்றி ‘வந்தான்’ என்றால் மனிதன் கீழே விழுந்துவிடுகிறான். பத்து வயதுப் பையன் எழுபது வயது உழவுக்காரரை ‘வாடா’ என்று கூப்பிட, அவர் அந்தப் பையனை ‘சின்னய்யா’ என்று கூப்பிட்ட காட்சியை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. அந்த ‘டா’வில் எந்த அகராதியும் ஆபாசம் காணாது. ஆனாலும் தமிழில் சொல்லப்பட்ட மிகக் கொடிய வன்சொல் அது என்பேன். ஏனென்றால் அதில் சினம்கூட இல்லை. சினந்து திட்டியவனுக்கு மறுநாள் வெட்கம் வர வாய்ப்பு உண்டு. வழக்கமாகத் திட்டியவனுக்கு அது திட்டு என்றே தெரியாது.

பெண்ணுக்கு வைத்திருக்கும் வன்சொற்களோ தனிக் களஞ்சியம். மலடி, அறுதலி, முண்டச்சி. அவள் தவறாக எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. குழந்தை இல்லாததும் கணவன் செத்ததுமே வசவாகிவிட்டன. ஆணைத் திட்டுவதற்கும் அவன் தாயைத்தான் இழுக்க வேண்டும். அந்தத் தாய்க்கு வைத்த பெயரின் வரலாற்றைத் தோண்டினால் நெஞ்சு கனக்கும். தேவரடியார் என்பது சோழர் கல்வெட்டுகளில் மதிப்போடு வரும் பெயர். அவர்கள் கோயிலுக்குக் கொடை கொடுத்ததும் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் பங்கும் கல்லில் எழுதப்பட்டன. கடவுளின் அடியார் என்ற பொருள் கொண்ட அந்தச் சொல்தான் தேய்ந்து, இன்று தெருச் சண்டையின் முதல் வசவாக நிற்கிறது. அந்தப் பெண்களைச் சுரண்டியவர்களுக்கு அப்படியொரு வசவுப் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

சொற்கள் சரிவது பொதுவானதுதான். ஒருகாலத்தில் நறுமணமும் ‘நாற்றம்’. வள்ளுவர் தயங்காமல் எழுதிய ‘மயிர்’ இன்று அச்சில் வந்தால் முகம் சுளிக்கிறோம். ஆனால் மனிதரைக் குறிக்கும் பெயர்கள் சரியும்போது அந்தச் சரிவுக்குப் பின்னால் தள்ளும் கை ஒன்று இருக்கிறது.

அந்தக் கைக்கு எதிராக என்ன செய்வது என்று யோசித்தவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். தமிழகத்தில் இந்தப் பிரிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தெரிகிறது. அயோத்திதாசர் இழிவாக்கப்பட்ட பெயரை ஏற்க மறுத்து, பூர்வ பௌத்தர் என்று வேறு வரலாற்றைத் தேடினார். இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். வசவாக எறியப்பட்ட கல்லைப் பிடித்துத் தன் வாசலில் பெயர்ப்பலகையாக நட்டார். கூசிப் பதுங்கி உரிமை கேட்க முடியாது என்ற உறுதி அந்தத் தலைப்பில் இருக்கிறது. அயோத்திதாசரின் மறுப்பிலும் அதே அளவு தன்மானம் இருந்தது. 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் ‘ஆதிதிராவிடர்’ அரசு ஏற்ற பெயரானது. அந்த இரண்டு வழிகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழிவைச் சுமந்தவர்கள் எடுத்த முடிவுகள் அவை.

மூன்றாவதாக ஒரு பெயர் மேலிருந்து வந்தது. காந்தி பரப்பிய ‘ஹரிஜன்’ கடவுளின் மக்கள் என்ற இனிய பொருளுடையது. 1933இல் அதே பெயரில் இதழும் தொடங்கினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் சேர்த்தபோது தம் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். பிறகு அந்த இடத்துக்கு வந்த சொல் ‘தலித்’. நொறுக்கப்பட்டவர், நசுக்கப்பட்டவர் என்று பொருள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அதைக் கொடியாக்கினார்கள். இனிப்பான பெயர் வேண்டாம், எங்களுக்குச் செய்யப்பட்டதன் பெயரே வேண்டும் என்றது அந்தத் தேர்வு. கடவுளின் மக்கள் என்றால் யார் மீதும் குற்றம் இல்லை. நொறுக்கப்பட்டவர் என்றால் நொறுக்கியவர் யார் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். 2018இல் மத்திய அரசு இந்தச் சொல்லைத் தவிர்த்துப் பட்டியல் சாதியினர் என்று சொல்லும்படி ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியதை நினைத்தால், அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது என்று தெரிகிறது. தமிழில் 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ தன் தெருவின் பேச்சு மொழியை இஸ்திரி போடாமல் அச்சில் ஏற்றியதும் இந்த வழியில் வந்ததுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பெயரை அதற்குரியவர் ஏந்துவதால் மற்றவருக்கு அது உரிமை ஆகாது. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அதே எழுத்துகளால் ஆன அதே சொல் பத்திரிகைத் தலைப்பாக இருந்தால் போர்க்கொடி. அடுத்தவன் வாயிலிருந்து வந்தால் சவுக்கு.

தொல்காப்பிய உரையில் பார்த்த விலக்குக்குத் திரும்புகிறேன். ‘கக்கூஸ்’ என்ற சொல் டச்சுக்காரரிடமிருந்து வந்தது; அவர்கள் மொழியில் அது மலத்தைப் பச்சையாகச் சொல்லும் சொல். அயல் ஒலி என்பதாலேயே நம் காதுக்குக் கூச்சம் தராமல் வந்து சேர்ந்தது. பிறகு அதுவும் நாறத் தொடங்கி, லெட்ரின் வந்தது, பாத்ரூம் வந்தது, கழிப்பறை வந்தது. பெயரை மாற்றிக்கொண்டே வந்தோம். உள்ளே இறங்கியவர் மாறவில்லை. கையால் மலம் அள்ள ஆளை வைப்பதை 1993லும் 2013லும் இரண்டு சட்டங்கள் தடுத்தன. துப்புரவுப் பணியாளர் 2020இல் தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர் ஆனார்கள். மரியாதையான பெயர் அவர்களுக்கு உரியதே. ஆனால் மலக்குழிக்குள் மூச்சடைத்துச் செத்தவரைப் பற்றிய செய்தியில் ‘தூய்மை’ என்ற சொல் வரும்போது, அவர் எதில் மூழ்கிச் செத்தார் என்பதை அது மறைத்துவிடுகிறது. ஆர்.பி. அமுதன் 2003இல் மதுரைத் தெருவைச் சுத்தம் செய்யும் பெண்ணைப் படமாக்கியபோது ‘பீ’ என்று பெயர் வைத்தார். திவ்யபாரதி 2017இல் தம் ஆவணப்படத்துக்குக் ‘கக்கூஸ்’ என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்புகளை உச்சரிக்கவே கூசுகிறவர்கள் உண்டு. சொல்லுக்கே கூசுகிற நமக்காக இன்னொருவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டார் என்பதுதான் தலைப்பின் பொருள். மாட்டுச் சாணத்துக்குக் கொடுத்த விலக்கை மனித மலத்துக்குக் கொடுக்காத மொழி, அதை அள்ளியவரையும் சேர்த்தே இடக்கர் ஆக்கி அடக்கிவிட்டது.

பெரியாரின் வன்சொல்லையும் இந்த வரிசையில் வைத்தே படிக்கிறேன். தமிழைக் காட்டுமிராண்டி மொழி என்றார். தமிழ் வாழ்க என்று முழங்கிய மேடைகளுக்கு அது தீ வைத்ததுபோல இருந்தது. சூத்திரன் என்ற சொல்லைப் பழகிய பெயராகச் சுமந்திருந்த கூட்டத்தின் முன் நின்று, சாத்திரம் அதற்குச் சொல்லும் பொருளைப் பச்சைத் தமிழில் அவிழ்த்துப் போட்டார். வடமொழிப் போர்வைக்குள் உறைக்காமல் கிடந்த வசவு தாய்மொழியில் உறைத்தது. ஆனால் அவருக்குப் பின் மேடை ஏறியவர்களில் பலர் அவருடைய கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சிப் பெண் தலைவரின் உடலையும் நடத்தையையும் பேசிக் கைதட்டு வாங்கும் கூட்டங்களைத் தமிழ்நாடு எல்லாக் கொடிகளின் கீழும் பார்த்திருக்கிறது. அங்கே வன்சொல் எதையும் வெளிக்கொண்டு வருவதில்லை. பேச வேண்டிய கேள்வியை மறைக்கத்தான் பயன்படுகிறது.

வன்சொல்லின் வலிமையை அரசும் அறிந்திருக்கிறது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகரெட் பெட்டியில் இருந்த எச்சரிக்கை, உடல்நலத்துக்குத் தீங்கு என்ற அளவில் நாகரிகமாக நின்றது. 2016 ஏப்ரலில் எச்சரிக்கை பெட்டியின் 85 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் இருந்து வலி நிறைந்த சாவு என்று நேராகவே அச்சிட்டார்கள். தீங்கு என்ற சொல் கண்ணில் படாத அளவுக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. சாவு என்ற சொல்லும் நாளடைவில் தேயலாம். வன்சொல்லுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நாள்தோறும் எடுத்தால் முனை மழுங்கும்.

மழுங்காத ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். இலங்கையில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த அலுவலகத்தின் பெயர் காணாமற்போன ஆட்கள் பற்றியது. திருவிழாவில் கை நழுவிய பிள்ளையும் காணாமல் போகும், சாவிக்கொத்தும் காணாமல் போகும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அவர்களில் பலர் உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். வசவு எதுவும் அதில் இல்லை. ‘போன’ என்ற வினை தானே நடந்ததைச் சொல்கிறது. ‘ஆக்கப்பட்ட’ என்றால் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று ஒப்பித்த இலக்கணத்தை அந்தத் தாய்மார் சாலையோரத்தில் உட்கார்ந்து வெயிலிலும் மழையிலும் கையில் பிடித்திருந்தார்கள். மடியில் பிள்ளையின் படம், பதாகையில் அந்தச் சொல்.